இருபது கிலோ துண்டு

ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிற ஊரில் வளர்ந்தவன் நான். துண்டு விழுந்துவிட்டால் அந்த இடம் நமது. அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருகிறவனை வண்டி முழுக்க முறைத்துப் பார்க்கும். திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் படித்த இந்தச் சட்டம் கடல் தாண்டிச் செல்லாது என்றுதான் க்ராய்டனுக்குக் குடிவந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். போன ஆகஸ்டில் லேக் டிஸ்ட்ரிக்ட்டின் பாரோடேல் பள்ளத்தாக்கில், ஒரு பண்ணைப் புல்வெளியில் அதே சட்டத்தைச் சந்தித்தேன். ஒரே வித்தியாசம், இங்கே துண்டின் எடை இருபது கிலோ.

அதற்கு டிரைவ்-அவே ஆனிங் என்று பெயர். கேம்பர் வேனின் இழுகதவை ஒட்டி நிற்கிற கூடாரம். சாதாரண ஆனிங் வேனைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். வேன் நகர்ந்தால் அதுவும் சாய வேண்டியதுதான். இது அப்படியில்லை, தன் காலில் நிற்கும். நடுவில் ஒரு துணிக் குகை வேனையும் கூடாரத்தையும் சேர்த்து வைத்திருக்கும். அதை அவிழ்த்துவிட்டு வேனை ஓட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகலாம். நாற்காலி, மேஜை, சேறு அப்பிய பூட்ஸ், நாயின் படுக்கை எல்லாம் கூடாரத்தில் கிடக்கும். சாயங்காலம் வந்து திரும்ப மாட்டிக்கொள்ளலாம். நாம் இல்லாத நேரத்தில் வேறொருவன் அந்த இடத்தில் வண்டியைச் சொருகவும் முடியாது. யோசித்தவன் கெட்டிக்காரன்தான். நான் சொல்ல வந்தது வாங்கியவரைப் பற்றி.

பந்தல்காரர் என்று வைத்துக்கொள்வோம். கோடை வந்தால் பிரிட்டனில் இவர் இல்லாத புல்வெளி இல்லை. வயது ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில். எந்தப் பருவத்திலும் அரை டிரவுசர்தான். குளிர் ஏற ஏற மேல்பாதியில் கம்பளி கூடுமே தவிர, முழங்காலுக்குக் கீழே கருணை கிடையாது. நெற்றியில் விளக்கு, கையில் ரப்பர் சுத்தி. வேனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் 1947-இலிருந்து ஆரம்பிப்பார். பென் பொன் என்ற டச்சுக்காரர் அந்த வருடம் நோட்டில் ஒரு பெட்டியை வரைந்து, கீழே சக்கரம் போட்டார், அதுதான் 1950-இல் ஃபோக்ஸ்வாகன் வேனாக வெளியே வந்தது என்பார். நாம் கேட்டது இதில் எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான்.

எங்கள் பக்கத்து மனைக்கு அவர் வந்து சேர்ந்தது மதியம் இரண்டு மணிக்கு. மனை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இறங்கியதும் மனையடி சாஸ்திரம் பார்க்கிற ஆள் மாதிரி புல்லை நாலு பக்கமும் நடந்து அளந்தார். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இங்கே முகாம்களில் தீ பரவாமலிருக்க வைத்திருக்கிற கணக்கு. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் காலடியால் எண்ணினார், திருப்தி வரவில்லை, டேப்பை எடுத்தார். அப்புறம் எங்கள் வேனைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்த பழைய மஸ்தா போங்கோ. "ஜப்பான் வண்டி. கதவு இடது பக்கம். நல்லது" என்றார். ஜெர்மனியிலிருந்து கொண்டுவரும் வண்டிகளில் இழுகதவு வலது பக்கம் இருக்கும், அதனால் அவர்களுடைய பந்தல் அடுத்தவன் அடுப்பைப் பார்த்து நிற்கும் என்று விளக்கினார். எங்களிடம் பந்தலே இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த அனுதாபத்தை, ஊரில் குழந்தை இல்லாத வீட்டுக்கு வரும் அத்தைகளிடம் பார்த்திருக்கிறேன்.

முதலில் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். நம் கொத்தனார் வைத்திருக்கும் அதே ரசமட்டத்தை அடுப்பு மேடையில் வைத்தார். குமிழ் நடுவில் நிற்கவில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, வண்டியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். அவர் மனைவி புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எத்தனையாவது பக்கத்தில் தன்னைக் கூப்பிடுவார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பை. அந்தப் பைக்குள் ஒரு நாட்டியப் பள்ளியே அடங்கும். கம்பு வைத்த பழைய ரகம் இல்லையாம், காற்றடிக்கிற ரகம். கைப் பம்பில் 7 பி.எஸ்.ஐ. வரைக்கும் அடிக்க வேண்டும். அறுபது வயது மனிதர் குனிந்து நிமிர்ந்து காற்றடிக்க, தரையில் செத்துக் கிடந்த துணி முதலில் ஒரு தோளைத் தூக்கியது, அப்புறம் முதுகை. புல்வெளியில் இருந்த குழந்தைகள் எல்லாம் வந்து நின்றுவிட்டன. இதற்கு மட்டும் நானும் கைதட்டினேன்.

இங்கிலாந்தில் பொழுதுபோக்குக்காகக் கூடாரம் அடிக்கிறவர்களுக்கு முதன்முதலில் சங்கம் வைத்தவர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங். தொழில், தையல். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவுக்கான கூடாரக்காரர்களைச் சேர்த்து 1901-இல் அதை ஆரம்பித்தார். பந்தல்காரர் தன்னை அந்தப் பரம்பரையில் வந்தவராகத்தான் நினைக்கிறார். அந்த 20 கிலோவைச் சைக்கிளில் ஏற்றியிருந்தால் தையல்காரர் சங்கத்தைக் கலைத்துவிட்டு மிஷினுக்கே திரும்பியிருப்பார்.

அடுத்து வருவதுதான் கலை. குகையின் ஓரத்தில் பென்சில் கனத்தில் ஒரு நரம்பு தைத்திருக்கும். அதற்கு கேடர் என்று பெயர். வேனின் மேல்விளிம்பில் ஒரு அலுமினியக் காடி. இது அதற்குள் போக வேண்டும். காடியில் நுழைவது 6 மில்லிமீட்டரா 4 மில்லிமீட்டரா என்பதில் கட்சிகளே உண்டு. இரண்டையும் இணைக்க எட்டு வடிவத்தில் குழல் மாதிரி ஒரு பட்டை வேறு. பாவாடைக்கு நாடா கோர்த்தவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு உள்ளே எங்கேயோ சுருங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், இழுத்தால் பின்னாலிருந்து முழுவதும் வெளியே வரும். "ஒரு ஊக்கு கொடுக்கட்டுமாங்க?" என்று என் மனைவி என்னிடம் கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சமயத்தில் அவர் எந்த மொழியையும் தாங்கும் நிலையில் இல்லை.

காடி கைகொடுக்காவிட்டால் வார்ப்பட்டை. வேனின் கூரைக்கு மேலே வீசி மறுபக்கம் முளை அடித்துக் கட்ட வேண்டும். வீசுவதற்காகப் பட்டை முனையில் டென்னிஸ் பந்து ஒன்றைக் கட்டியிருந்தார். மூன்றாவது வீச்சு கூரையைத் தாண்டியது. என் தேநீரையும் தாண்டியிருக்கலாம், தாண்டவில்லை.

மறுநாள் காலை, அவர் புறப்பட்டார். டிரைவ்-அவே என்றால் ஓட்டிக்கொண்டு போவது. ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் படுக்கையை மடித்து இருக்கையாக்க வேண்டும். திருப்பி வைத்த முன் இருக்கைகளை ரோட்டைப் பார்க்கத் திருப்ப வேண்டும். தூக்கிய கூரையை இறக்கி, கேஸை மூடி, கோப்பைகளை அடைத்து, மின்சார நீலப் பிளக்கைப் பிடுங்கி, பட்டையை அவிழ்த்து, நரம்பை உருவி, குகைக்கு ஜிப் போட வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. முந்தின நாள் ராத்திரி ஹொனிஸ்டர் கணவாயைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாலடிக்கு ஓரடி ஏற்றம், மேலே போனால் உலகமே காலடியில் என்று கையை விரித்தார். அதைத் தாண்டி அந்தப் பக்கம் பட்டர்மியர் ஏரி வரைக்கும் போகப்போகிறார் என்று நினைத்தோம்.

ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். கெஸ்விக் போய்ப் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் வாங்கி வந்திருந்தார்.

முதலில் சிரித்தேன். பிறகு, அவர் திரும்பி வந்து சேர்ந்த விதத்தைப் பார்த்ததும் புரிந்தது. தேரை இழுப்பது ஊர் சுற்றவா? நிலைக்கு வந்து நிற்கிறதே, அதற்குத்தானே அவ்வளவு கூட்டம் இரவுவரை காத்திருக்கிறது. வேன் இல்லாத பந்தல், தேர் போன நிலை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. முன்சக்கரம் நின்ற இடத்தில் மஞ்சள் நாடா கட்டிய முளை ஒன்று. வேன் புல்லில் அங்குலம் அங்குலமாக வந்தது. முட்டுக்கட்டை போடுகிறவரின் இடத்தில் அந்த அம்மா, புத்தகத்தில் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் இடது, டார்லிங்."

"யாருடைய இடது, டார்லிங்?"

இந்த நாட்டில் தம்பதிகள் வெளியில் சண்டை போடுவதில்லை. எத்தனை டார்லிங் என்று எண்ணிக்கொண்டால் போதும். அன்று நான் பதினொன்று வரை எண்ணினேன். வண்டி நிற்கையில் குகைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மறுபடி எடுத்தார். மறுபடி ஒரு சாண், இந்தத் தடவை வேறு பக்கம். மூன்றாவதில் நரம்பு காடிக்குள் சரசரவென்று ஓடியது. அவர் இறங்கி வந்து, இடுப்பில் கைவைத்து, ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் வேனிலேயே இருந்தது.

எதிர் மனையில் ஒரு கேரவன்காரர். கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு, இழுத்து வந்த காரிலேயே பத்து வினாடியில் கடைக்குப் போய் வருகிறவர். அவர் இதையெல்லாம் சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். பந்தல்காரரை அதைவிட யாரும் புண்படுத்தியிருக்க முடியாது.

அன்று சாயங்காலம் மழை. இந்தப் பள்ளத்தாக்கின் கோடியிலிருக்கும் சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் மனிதர் வாழும் இடங்களிலேயே அதிக மழை பெய்கிற இடம் என்பார்கள். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். அதில் கணிசமான பங்கு எங்கள் போங்கோவின் மேல் இறங்கியது. வேனுக்குள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், நாலு ஈர ஜாக்கெட். ஜன்னலில் தட்டினார். "பந்தலுக்கு வாருங்கள்."

போனோம். கைகால் நீட்ட இடம், தரையில் விரிப்பு, சரவிளக்கு. அவ்வளவு நேரம் சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. என் மனைவி, கோழியை வாட்டுவதற்காக மூட்டியிருந்த கரி அடுப்பையும் உள்ளே எடுத்துக்கொள்ளலாமா என்றாள். அந்த மனிதரின் குரல் மாறிப்போனது. "அது மட்டும் வேண்டாம். தணல் அணைந்தது மாதிரி இருந்தாலும் வேண்டாம்." மூடின துணிக்குள் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைத் தூங்கவைத்துக் கொன்றுவிடும் என்றார். ஆணிக்கும் நரம்புக்கும் அடித்த பிரசங்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குச் சொல்லவில்லை. அதனாலேயே மனதில் நின்றது. கோழி மழையில் நனைந்தது. நாங்கள் அவருடைய பிஸ்கட்டைச் சாப்பிட்டோம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று. ரப்பர் சுத்தியின் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். நெற்றி விளக்கோடு ஓர் அரை டிரவுசர் பந்தலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நானும் போய் ஒரு கயிற்றைப் பிடித்தேன். "முளை செங்குத்தாக இறங்கக் கூடாது, 45 டிகிரி. தலை வெளிப்பக்கம் சாய வேண்டும்" என்று காற்றுக்கு மேலே கத்தினார். அடியில் பாறை, இரண்டு முளை வளைந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் நாங்கள் கெஸ்விக்கில் பென்சில் மியூசியம் பார்க்கக் கிளம்பினோம். பென்சிலுக்கான காரீயத்தை முதலில் தோண்டியதே இந்தப் பாரோடேலில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். "நம்ம இடத்தை யாராவது எடுத்துக்கிட்டா என்னங்க பண்றது?" என்றாள் மனைவி. அங்கே மனைகளுக்கு எண் கிடையாது. வேன் நின்ற இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டேன். அது ஒன்றே போதாது என்று தோன்றியது. குளிக்கக் கொண்டுவந்திருந்த ஈரிழைத் துண்டை அதன் மேல் போட்டேன். பந்தல்காரர் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஆனிங் இது, எடை இருநூறு கிராம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், கேலி என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் திரும்புகையில் காற்று மறுபடி எழும்பியிருந்தது. நாற்காலியைக் காணோம். வேலி வரைக்கும் பறந்து போனதை எடுத்துத் தன் பந்தலில் பத்திரமாக வைத்திருப்பதாக அந்த அம்மா சொன்னார். துண்டு மட்டும் புல்லின் நடுவில், முரசுத் தோல் மாதிரி விறைப்பாக விரிந்து கிடந்தது. நாலு மூலைக்கும் துணிக் கிளிப், கிளிப்புக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஒரு முளை. ஒவ்வொரு முளையும் தலையை வெளியே சாய்த்து, கச்சிதமாக 45 டிகிரியில். துண்டில் ஒரு ஓட்டை விழவில்லை.

"மதியம் ஒரு மோட்டார்ஹோம் வந்தது. பார்த்துவிட்டுப் போய்விட்டது" என்றார். குனிந்து மூன்று முளைகளைப் பிடுங்கி, துண்டை மடித்துக் கையில் கொடுத்தார். நாலாவதை விட்டுவைத்தார். என் முன்சக்கரத்துக்கு அடையாளமாம்.