கொஞ்சம் காற்றை இறக்குங்க!

(பழைய பிக்கப்பைப் பிரித்து, பூட்டி, மேடு பள்ளம் ஏற்றத் துடிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.)

கேள்வி: அப்பாவின் பழைய பிக்கப் தோட்டத்தில் சும்மா நிற்கிறது. ஆஃப்-ரோடு வண்டியாக மாற்ற ஆசை. முதலில் என்ன வாங்க வேண்டும்? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒரு சுத்தியல். சின்னதே போதும். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, சேஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போங்கள், சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி தட்டிப் பார்ப்பது போல. 'டங்' என்றால் அங்கே இரும்பு இருக்கிறது. 'டொக்' என்றால் ஒரு காலத்தில் இருந்தது. பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் பக்கம் சேறு தங்கித் தங்கித் துரு ஏறியிருக்கும். அங்கே கூடுதலாக நாலு தட்டு. சேஸ் செத்துப் போயிருந்தால், மேலே எதைப் பூட்டினாலும் அது பிணத்துக்குக் கட்டிய பட்டுவேட்டிதான்.

கேள்வி: கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. லிஃப்ட் கிட், பெரிய டயர், வின்ச், எல்.இ.டி. பார். எதை முதலில் போடலாம்? – ஓசூர் வாசகர்

பதில்: நீங்கள் சொன்ன நாலும் காட்டுக்குள் போவதற்கு. வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு வேறு பட்டியல் இருக்கிறது: பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், ரப்பர் புஷ், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட். இதில் எதையும் போட்டோ எடுத்துப் போட முடியாது. ஒருவரும் லைக் போடவும் மாட்டார்கள். முதலில் இதை முடியுங்கள். பிறகு நல்ல டயர், இழுத்து மீட்கும் கயிறு, அதை மாட்டும் ஷேக்கிள். எல்.இ.டி. பார்? மிச்சம் இருந்தால் பார்க்கலாம். இருக்காது.

கேள்வி: 31 அங்குல டயர் போட்டால் வண்டி எவ்வளவு உயரும்? – கரூர் வாசகர்

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இப்போது இருப்பது 235/75 ஆர்15 என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 733 மி.மீ. 31 அங்குல டயரின் விட்டம் 787 மி.மீ. கூடியது 54. ஆக்ஸில் நடுவில் இருப்பதால் அது உயர்வது அதில் பாதி, 27 மி.மீ. பூஜை போட்டு டயருக்கு அடியில் வைக்கிறோமே எலுமிச்சம்பழம், அந்த உயரம்கூடத் தேறவில்லை!

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? சக்கரம் பெரிதானதால் ஏற்றத்தில் இழுவை 7 சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போய்க்கொண்டிருக்கும். நிறுத்துவதற்கும் அதே பழைய டிரம் பிரேக்தான். பாவம், அதற்கு யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை. கிரவுன் பினியனை ரேஷியோ மாற்றிப் போட்டால் இழுவை திரும்ப வரும். 27 மி.மீ. வேண்டும் என்பதில் தப்பில்லை. முழு பில்லையும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: அப்படியானால் லிஃப்ட் கிட் போட்டுவிடுகிறேன். சரிதானே? – அதே கரூர் வாசகர்

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! வேட்டியை மடித்துக் கட்டினால் வேட்டி நனையாது. கால் நனையத்தான் செய்யும். லிஃப்டும் அப்படி. பாடியும் சேஸும் உயரும், பம்பர் மேட்டில் இடிக்காது. ஆனால் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கல் முதலில் முட்டுவது அதில்தான். கூடவே வண்டியின் எடை மையம் மேலே போவதால் பக்கவாட்டுச் சரிவில் கவிழும் பயம் கூடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்ந்து கிராஸ் பேரிங் சீக்கிரம் தேயும். 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் உயரம் வேண்டுமானால் ஏணி வாங்கலாம்.

கேள்வி: பின்னால் ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு பட்டை சேர்க்கச் சொல்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். சேர்க்கலாமா? – மணப்பாறை வாசகர்

பதில்: சிமென்ட் மூட்டை ஏற்றப் போகிறீர்கள் என்றால் அவர் சொல்வது சரி. பாறை ஏறப் போகிறீர்கள் என்றால் தலைகீழ். வில்வண்டி ஏன் சொகுசு? வில் வளைவதால். பிக்கப்பின் ஸ்பிரிங் பாரத்துக்காகச் செய்தது. வெறும் வண்டியில் அது வளையவே வளையாது, பின்பக்கம் கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி துள்ளும். பட்டை கூட்டினால் இன்னும் விறைப்பு. பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும்.

ஸ்பிரிங் கட்டைப் பிரித்து, பட்டைகளுக்கு நடுவே உள்ள துருவைச் சுரண்டி, வளைவு போனதைப் பட்டறையில் கொடுத்து வளைத்து, புது புஷ் போட்டுப் பூட்டுங்கள். முதல் 500 கி.மீ. ஓடியதும் யூ-போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். புதிதாகப் பூட்டியது ஓட ஓடப் படிந்து தளர்ந்திருக்கும்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் போட்டும் இரண்டு சக்கரம் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? – கூடலூர் வாசகர்

பதில்: இல்லை, டிஃபரன்ஷியலின் சுபாவமே அதுதான். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு விசை போதுமோ, அதே அளவைத்தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கொடுக்கும். ஆபீஸில் இருக்கும் பெரிய சோம்பேறிக்கு என்ன சம்பளமோ, அதுதான் எல்லோருக்கும் என்பது மாதிரி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தூக்கிக்கொண்டால் கதை முடிந்தது. நிரந்தரத் தீர்வு, டிஃபரன்ஷியலில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர். அவசரத்துக்கு ஒரு பழைய வித்தை: கைபிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும் வண்டி என்றால், லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தடை கிடைக்கும். உழைக்கிற சக்கரத்துக்கும் விசை போகும்.

கேள்வி: தார் ரோட்டிலும் ஃபோர் வீலிலேயே ஓட்டினால் என்ன? – சேலம் வாசகர்

பதில்: பழைய பிக்கப்பில் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் வழுக்க முடியாது. முறுக்கெல்லாம் கியருக்குள் ஏறும். மெக்கானிக் வீட்டில் விசேஷம் வைத்திருந்தால் தாராளமாக ஓட்டுங்கள்.

கேள்வி: ஞாயிறு முழுக்க என் கணவர் வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறார். என்ன செய்வது? – பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்திருந்தால், காலைப் பிடித்து உடனே வெளியே இழுங்கள். ஜாக் ஸ்டாண்ட் வைத்துப் படுத்திருந்தால் ஒரு டீ கொடுங்கள்.

கேள்வி: ஹைலக்ஸ் பிக்கப் சாகவே சாகாதாமே? – நாகர்கோவில் வாசகர்

பதில்: 1968-லிருந்து வருகிற வண்டி அது, நம் நாட்டு ஷோரூமுக்கு 2022-ல்தான் வந்தது. இங்கிலாந்தின் 'டாப் கியர்' டிவி நிகழ்ச்சிக்காரர்கள் 2003-ல் 1988-ம் வருஷத்து டீசல் ஹைலக்ஸ் ஒன்றைக் கொல்லவே பார்த்தார்கள். மரத்தில் மோதினார்கள், கடல் அலையில் விட்டார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் 240 அடி உயரக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றி, கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். சாதாரணக் கைக்கருவிகளோடு, ஒரு உதிரிபாகம்கூட மாற்றாமல் மெக்கானிக் அதை மறுபடி ஸ்டார்ட் செய்தார். தனி சேஸ், எளிய டீசல் இன்ஜின், கெட்டுப்போக எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. ரகசியம் அவ்வளவுதான். உங்கள் வண்டியில் முயற்சி செய்ய வேண்டாம், அவர்களுக்கு இ.எம்.ஐ. கிடையாது.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி சரியா? – ஒரு வக்கீலின் மைத்துனர், மதுரை

பதில்: நல்ல வேளை, யாராவது கேட்டீர்களே! மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வேறு இன்ஜின் வைக்க, முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது உங்கள் கைவண்ணம் முழுவதையும் இன்ஸ்பெக்டர் நிதானமாக ரசிப்பார்.

ஆக, பழையதைப் பழையபடி புதிதாக்குவதற்குத் தடை இல்லை. உருவத்தையே மாற்றினால், வேலி போட்ட தனியார் மைதானத்துக்கு அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். காப்புக்காடு மைதானம் அல்ல. அனுமதி இல்லாமல் நுழைந்தால் அது தனி வழக்கு.

கேள்வி: ஸ்னார்க்கெல் போட்டுவிட்டேன். இனி ஆற்றில் இறங்கலாமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: காற்றை மேலேயிருந்து எடுப்பதால் இன்ஜின் மூச்சு விடும். மற்றவை? என் கதையைக் கேளுங்கள். ஒரு முறை மலை ஏறி இறங்கிய சூட்டோடு முழங்கால் ஆழ ஓடையில் பிக்கப்பை விட்டேன். வண்டி ஜோராகக் கரையேறியது, நானும் மீசையை முறுக்கினேன். இரண்டு நாள் கழித்துப் பின் ஆக்ஸிலில் ஒரு முனகல். ஃபில்லர் போல்ட்டைத் திறந்தால் உள்ளேயிருந்து வழிந்தது டீக்கடை மாஸ்டர் ஆற்றிய டீ! நுரை உட்பட. கியர் ஆயில் தேன் நிறத்திலோ கருப்பாகவோ, பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் கலந்தால்தான் இந்தப் பால் நிறம்.

நடந்தது இது: சூடான ஆக்ஸில் சட்டென்று குளிர்ந்தது. உள்ளிருந்த காற்று சுருங்கியது. ஆக்ஸில் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் பிரீதர் என்று ஒரு மூச்சுத் துளை உண்டு. அதில் சேறு அடைத்திருந்தது. காற்றுக்கு வழியில்லாமல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டது. துளை திறந்திருந்தாலும் தண்ணீருக்குள்தானே இருந்தது! இப்போது பிரீதரில் ரப்பர் குழாய் மாட்டி பாடிக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஸ்னார்க்கெல் விலையில் நூறு வண்டிக்குச் செய்யலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீர் காற்றைப் போல அழுந்தாது. சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

கேள்வி: மலை இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் வருவேன். இது சாமர்த்தியம்தானே? – போடி வாசகர்

பதில்: பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தருவது ஆல்டர்னேட்டரோடு சுற்றும் ஒரு பம்ப். இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கருங்கல். மண் பாதை என்றால் லோ ரேஞ்சில் முதல் கியர், தார் ரோடு என்றால் ஃபோர் வீல் இல்லாமல் சின்ன கியர் போட்டு இறங்குங்கள், பெரும்பாலும் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். மிச்சம் பிடித்த டீசலை ஆஸ்பத்திரி பில்லில் கழித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: என் பிக்கப் 2,500 கிலோ. எத்தனை பவுண்டு வின்ச் வாங்க? – தாராபுரம் வாசகர்

பதில்: எடையைப் போல் ஒன்றரை மடங்கு: 3,750 கிலோ. அதாவது 8,300 பவுண்டுக்குக் குறையாமல். இழுக்கும்போது கம்பிக் கயிற்றின் மேல் ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். அறுந்தால் சாட்டையாக வீசும் வேகத்தை அது குறைக்கும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். அவர்கள் நகர மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி: கொழுக்குமலை ஜீப்புகளில் லாக்கரும் இல்லை, வின்ச்சும் இல்லை. எப்படி ஏறுகின்றன? – தேனி வாசகர்

பதில்: தேயிலைத் தோட்டம் உங்கள் மாவட்டத்தில், ஜீப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. அந்த டிரைவர்கள் ஏறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். லோ கியர், ஒரே சீராக மிதி, பள்ளத்தைத் தவிர்த்துக் கல்லின் தலைமேல் சக்கரம். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அத்துப்படி. அந்த உதிரிபாகம் சென்னை புதுப்பேட்டைச் சந்தையிலும் கிடைக்காது.

கேள்வி: செலவே இல்லாத மாடிஃபிகேஷன் ஏதாவது? – ஒரு மாணவர், திருச்சி

பதில்: இருக்கிறது. மணலோ சேறோ வந்தால் இறங்கி, வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் அழுத்துங்கள். 'உஸ்ஸ்...' 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18 வரை. டயர் தளர்ந்து, தரையில் நீளமாகப் படியும்; அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் புதையாது. ஐஸ்லாந்தில் பனிமேல் ஓட்டுகிறவர்கள் ராட்சத டயர் போட்டு 5-க்கும் கீழே இறக்குகிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போனால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்றிவிடுங்கள். அதற்கு ஒரு சின்னப் பம்ப் வேண்டும். அந்தச் செலவை அப்பா கணக்கில் எழுதலாம்.

கேள்வி: லாக்கர், வின்ச், ஸ்னார்க்கெல், 33 அங்குல டயர், எல்லாம் போட்டாயிற்று. இனி என் வண்டி எங்கேயும் சிக்காது. வேறென்ன பாக்கி? – திருப்பூர் வாசகர்

பதில்: காற்றை இறக்குவதுதான். முடிந்தால் டயரிலும்.