கிட்டார் செய்ய ஆள் தேவை: பால் வெட்டத் தெரிந்திருக்க வேண்டும்

கிட்டாரைக் கையால் செய்யக் கற்றுக்கொள்வதென்றால் ஸ்பெயினுக்குப் போக வேண்டும், தாடி வளர்க்க வேண்டும், மரத்தோடு பேச வேண்டும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. தாடியைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. மற்றபடி, அந்தத் தொழிலில் பாதியைப் பழகி முடித்தவர்கள் கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள் என்பது என் கட்சி. யட்டியாந்தோட்டைப் பக்கம் விடியுமுன்னே பால் வெட்டுகிறவரைப் பாருங்கள். ஒரு வெட்டுக்குப் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் சீவலாம். குறைத்தால் பால் வராது. கூட்டினால் கத்தி உள்மரத்தில் பட்டு மரம் காயப்படும், கங்காணியின் வாயும் திறக்கும். இப்படி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். கிட்டாரின் முகப்புப் பலகையும் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான். தடித்தால் ஊமை, மெலிந்தால் கம்பிகளின் இழுப்பில் குழிந்துபோகும். பட்டறையில் புதிதாகச் சேருகிறவர் இந்தக் கை வருவதற்குள் எத்தனையோ நல்ல பலகைகளைத் தூளாக்கிவிடுகிறார். பால் வெட்டுகிறவருக்கோ அது அரை இருட்டில், அரைத் தூக்கத்திலேயே வருகிறது.

கை சரி, காது? பலகையைச் சீவச் சீவ விரலால் தட்டிக் கேட்டுத்தான் கிட்டார் செய்கிறவர் எங்கே நிறுத்துவதென்று முடிவு செய்கிறார். மாசி மாதம் காமன் கூத்துக்கு முன் தப்புப் பறையை நெருப்பில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்க்கிறவர் செய்வதும் இதுவே. கூடுதலாக, எந்தச் சூட்டில் தோல் கருகும் என்பதும் அவருக்குத் தெரியும். பக்கப் பலகையை நனைத்துச் சூடான குழாயில் வைத்து வளைக்கும்போது அந்த அறிவுக்கு நல்ல வேலை உண்டு. (தப்பை வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே ஆட்கள் கிட்டாரைக் கண்டால் கதிரை போடுவார்கள். அது வேறு கதை.)

கையும் காதும் சரி, மரம்? இறப்பர் மரத்தில் கிட்டார் ஒலிக்குமா, பிரேசில் ரோஸ்வுட் வேண்டாமா என்பார்கள். பிரேசில்தான் வேண்டுமென்றால் இறப்பரும் பிரேசில்காரன்தான்; 1876இல் லண்டன் வழியாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்து இறங்கிய நாற்றுகளின் வம்சம். ஒலி விஷயத்தை 1862இலேயே ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தோரஸ் தீர்த்துவைத்தார்: முகப்பை மட்டும் நல்ல மரத்தில் வைத்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்துகாட்டினார். பார்சலோனா அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. நம்பாதவர்களுக்காக லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகு மரமும் பக்க மரமும் மட்டும் வேறுபடும் ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்து, மங்கல் வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். 2018இல் வெளிவந்த முடிவு: விலை உயர்ந்த மரம், மலிவான மரம் என்று பெரிய வித்தியாசம் எதுவும் படவில்லை. கண்ணாடியைக் கழற்றினால்தான் ரோஸ்வுட் இனிக்கும் போலும். முகப்புக்கு ஸ்ப்ரூஸ் பலகையை வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இறப்பர் பலகைக்கு அறுத்த கையோடு போராக்ஸ் மருந்தேற்றாவிட்டால் வண்டு உள்ளே புகுந்து தன் கச்சேரியைத் தொடங்கிவிடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது மழை. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற இரத்தினபுரியில் வைத்துக் கிட்டாரை ஒட்டினால், கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனதும் மரம் சுருங்கிப் பிளக்கும். நியாயமான பேச்சு. ஆனால் ஈரப்பதத்தோடு மல்லுக்கட்டுவது இந்த ஊருக்குப் புதிதா? இறப்பர் சீட்டைக் காயவைக்கப் புகைக்கூடம் கட்டி வைத்திருக்கிற சனங்கள், ஓர் அறையைக் காய்வாக வைத்துக்கொள்ள மாட்டார்களா? பொறுமை போதாது என்று சொல்ல வருகிறவர்கள், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை வருடம் கேட்டு 2021இல் வாங்கினார்கள் என்று விசாரித்துவிட்டு வரட்டும்.

எனக்குப் பதில் தெரியாத ஆட்சேபம் ஒன்றுதான். தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரம் விழும்போது, அது கம்பனிக் கணக்கில்தான் விழுகிறது. அத்தனை வருடமும் அதை வெட்டிய கை, அதிலிருந்து ஒரேயொரு பலகை வேண்டுமென்று ஆபீசில் போய் நின்றால், எதற்கு என்று துரை கேட்பார். கிட்டார் செய்ய என்று சொல்லிப் பாருங்கள்.