பன்னிரண்டில் ஒரு பங்கு வீட்டுக்காரர்

ஆரோவில் பக்கம் வாடகைக்கு வந்து சேருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. குயிலாப்பாளையத்தில் மழைக்கு ஒழுகும் ஒரு வீடு. அதன் கூடத்து மேசைமேல் ஒழுகாத இன்னொரு வீடு. முதல் வீட்டில் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மேசைமேல் வீட்டிலோ ஊஞ்சல், கொசுவலைக் கட்டில், குண்டூசித் தலையைக் குமிழாக வைத்த பீரோ.

நிஜத்தில் ஓரடி என்றால் அங்கே ஓர் அங்குலம். இதுதான் அவருடைய வேதம். வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். பேனா மூடி குப்பைக்கூடையாகும், பிஸ்தா ஓடு கைகழுவும் தொட்டியாகும். கொண்டுபோனதோடு திரும்பியவர் எவரும் இல்லை.

ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, சுடாமல் அழுத்தியே கல் செய்கிறார்கள். அந்த 24 சென்டிமீட்டர் கல்லை இவர் 2 சென்டிமீட்டராக்கி வெயிலில் பரப்பி, கோழி கிளறாமல் காவல் இருப்பார். சமையலறைக்கு மரக்காணத்து உப்புதான் வேண்டுமாம். ஒரு கல் உப்பு அந்த வீட்டுக் கணக்கில் சோப்புக்கட்டி அளவு. பொடித்து, துணியில் சலித்து ஜாடியில் நிரப்பினார். கடற்காற்றில் மறுநாளே நீர்விட்டுவிட்டது. "தத்ரூபம்!" என்று பூரித்துப்போனார்.

தச்சரோடுதான் தினமும் தகராறு.

"நாற்காலி பன்னிரண்டில் ஒரு பங்கு, கூலி மட்டும் முழுசாப்பா?"

"சிறுசாகச் சிறுசாகத்தான் சார் வேலை பெருசு."

லட்யன்ஸ் கதையை அவரிடம் கேட்காமல் தப்ப முடியாது. புதுடெல்லியை வரைந்த அதே லட்யன்ஸ் இங்கிலாந்தின் மேரி ராணிக்கு வடிவமைத்து, 1924-இல் முடிந்த பொம்மை வீடும் இதே அளவுதான். குழாயில் தண்ணீர் வரும், கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் பாயும், நிலவறைப் புட்டிகளில் அசல் ஒயின். இவர் சொல்லி முடிக்கும்வரை இவர் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவுக்கும் உள்ளே ஒரு பொம்மை கிடையாது. பக்கத்து வீட்டுச் சிறுமி தன் மரப்பாச்சியைக் குடிவைக்கக் கொண்டுவந்தாள். ஒரு சாண் மரப்பாச்சி அந்தக் கணக்கில் ஒன்பதடி ஆள். தலை உத்தரத்தில் இடித்தது.

"அப்போ இதுல யாருதான் மாமா இருப்பாங்க?"

"1968-ல ஐம்பதாயிரம் பேருக்குன்னு ஆரம்பிச்ச ஆரோவில்லயே இன்னும் நாலாயிரம் பேர் சேரலை கண்ணு. நமக்கென்ன அவசரம்?"

பைத்தியம் என்று ஊர் சொல்கிறது. வாடகையை ஒழுங்காகக் கொடுக்கும் பைத்தியம் என்று வீட்டுக்காரர் திருத்துகிறார். எனக்கும் வீட்டுக்காரர் கட்சிதான். பார்க்கப் போகிறவர்கள் எவ்வளவு வேர்த்தாலும் மின்விசிறியைப் போடச் சொல்லாதீர்கள்; நேற்றுதான் கூரைக்கு ஓடு மேய்ந்திருக்கிறார், பசை இன்னும் காயவில்லை.