தமிழை நிறுத்தலாமா?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, சேரப்போகும் நர்சரியில் இங்கிலீஷ். "குழந்தை குழம்பிடும், வீட்டில் தமிழை நிறுத்துங்க" என்கிறார்கள். நிறுத்தலாமா?
– வாசகி, புனே

பதில்: தமிழை நிறுத்தினால் ஊரிலிருந்து போன் பண்ணும் பாட்டியையும் அல்லவா நிறுத்த வேண்டும்! வேண்டவே வேண்டாம். குழந்தைகள் ஆள் பார்த்து மொழி மாற்றுவதில் கெட்டிக்காரர்கள். பாட்டியிடம் 'தண்ணி', பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி ஆஜியிடம் 'பாணி', மிஸ்ஸிடம் 'வாட்டர்'. மூன்று இடத்திலும் தாகம் தீர்த்துக்கொள்வாள். நடுவே 'பாணி குடு' என்றால் திருத்தாதீர்கள், குடிக்கக் கொடுங்கள்.

பள்ளிக்காக வீட்டை மாற்றத் தேவையில்லை. உங்கள் புனே மாவட்டத்தில் பிறந்த ஆசிரியை அனுதாய் வாக், குழந்தைக் கல்வி முன்னோடி தாராபாய் மோடக்குடன் 1945இல் போர்டி கிராமத்துக் குழந்தைகளுக்காக வேலை தொடங்கினார். பள்ளிக்கு வராத பழங்குடிப் பிள்ளைகளைத் தேடி வகுப்பையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். பிள்ளையின் வீட்டை மதிக்கிற பள்ளியில்தான் பிள்ளை ஒட்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கையும், முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டு மொழியிலோ வட்டார மொழியிலோ கற்பிக்கச் சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: 'ஒண்ணுக்கு வருது', 'பசிக்குது', 'வலிக்குது' மூன்றையும் மராத்தி எழுத்தில், பொருளோடு எழுதி மிஸ்ஸிடமும் ஆயாவிடமும் கொடுங்கள். முதல் மாதம் ஏபிசிடியைவிட அவளுக்கு அவசரம் அதுதான்.