அங்கி யாருக்கு?

வன்னியில் வள்ளப் போட்டி என்றால் உயிர்காப்பு அங்கி கட்டாயம். யாருக்கு என்பதுதான் கேள்வி. நந்திக்கடல் கரையில், படம் பிடிப்பதற்காக முழங்கால் தண்ணீரில் வள்ளமேறும் பிரதம விருந்தினருக்குச் செம்மஞ்சள் அங்கி, பட்டுவேட்டிக்கு மேலே இறுக்கிக் கட்டியபடி. ஆழத்துக்குத் துடுப்பு வலிக்கும் பெடியளுக்குச் சாரத்தை மடித்துக் கட்டினால் போதும்.

"கடற்கரையில பிறந்தவனுக்கு உது என்னத்துக்கு தம்பி?" என்பார் சம்மாட்டி. மண்டையில் துடுப்பு பட்டு மயங்கியவனுக்கு எந்தக் கரையில் பிறந்தும் பயனில்லை. 50 நியூட்டன் அங்கி தரும் மிதப்பு சுமார் 5 கிலோதான். நினைவோடு இருப்பவனின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க அநேகமாக அது போதும்; மயங்கியவனை முகம் மேலே வரத் திருப்பும் என்று அதை நம்ப முடியாது.

கனூ, கயாக் போட்டிகளுக்கான சர்வதேச சம்மேளனம், பாறையும் சுழியுமான ஸ்லாலம் போட்டியில் அங்கியும் தலைக்கவசமும் இல்லாதவரை இறங்க விடாது. அமைதியான நீரில் நடக்கும் விரைவோட்டத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அங்கே மீட்புப் படகு காத்து நிற்கும். நம்மவர் விட்டுக்கொடுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மீட்புப் படகில் அறிவிப்பாளரையும் ஒலிபெருக்கியையும் ஏற்றிவிட்டார்கள்.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். அன்று எல்லோரும் அங்கியைப் பற்றிப் பேசினோம்.

இப்போது வள்ளத்தின் இஞ்சினுக்கு மட்டும் மழை படாமல் பொலித்தீன் சுற்றுவோம். அது போனால் லீசிங்காரன் வீடு தேடி வருவான். ஆள் போனால் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டுவோம். அந்தக் காசுக்கு அங்கியே வாங்கியிருக்கலாம்.