பாரிஸுக்குப் போய்க் கழுவிய பிலிம்

1936 பிப்ரவரி 26, பனி கொட்டிய விடியற்காலை. ஜப்பானிய ராணுவத்தின் இளம் அதிகாரிகள் சிலர் சுமார் 1,500 சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு வந்து சொந்த அரசாங்கத்தையே கவிழ்க்கப் பார்த்தார்கள். நிதி அமைச்சர் தகஹாஷியைப் படுக்கையிலேயே தீர்த்துக்கட்டினார்கள். நாலு நாளில் கலகம் அடங்கிவிட்டது. ஆனால் ராணுவச் சட்டம் அடங்கவில்லை. காலையில் பேப்பரைப் பிரித்தால் சிப்பாய், மாலையில் பிரித்தால் கோர்ட் மார்ஷல் என்று டோக்கியோ ஜனங்கள் சலித்துப்போயிருந்தார்கள்.

மே மாதம் அவர்களுக்கு அபே சதா கிடைத்தாள்.

பாய் முடையும் வீட்டுப் பெண். பதினைந்து வயதில் வன்கொடுமைக்கு ஆளானவள். பெற்ற தகப்பனே கெய்ஷா வீட்டில் தள்ளிவிட, அங்கிருந்து ஊர் ஊராகப் பாலியல் தொழிலில் அலைந்தவள். கடைசியில் நகானோவில் ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி இஷிதா கிச்சிஸோ. கடையை மனைவி பார்த்துக்கொள்வார், இவன் பெண்களைப் பார்த்துக்கொள்வான். அப்படிப்பட்ட வேலைப் பிரிவினை. சதாவும் அவனும் ஓகு என்ற இடத்தில், காதலர்களுக்கு அறை விடும் ஒரு விடுதியில் நாள் கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மே 18 அதிகாலையில், தூங்கிக்கொண்டிருந்தவன் கழுத்தை இடுப்புக் கச்சையால் இறுக்கிக் கொன்றாள். பிறகு கத்தியை எடுத்து அவனுடைய ஒரு பகுதியை மட்டும் அறுத்து, பத்திரிகை அட்டையில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எந்தப் பகுதி என்று வாசகர் ஊகித்தது சரிதான்.

இரண்டு நாள் கழித்து ஷினகவாவில் ஒரு விடுதிக்குத் துப்பறிய வந்த போலீஸ்காரரிடம், தேடுகிற ஆள் நான்தான் என்று அவளே சொன்னாள். அவர் நம்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். உலகப் போலீஸ் வரலாற்றிலேயே இவ்வளவு மறுக்க முடியாத அடையாளச் சான்றை யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள்.

அரசுத் தரப்பு 10 ஆண்டு கேட்டது. நீதிபதி 6 கொடுத்தார். 1941-ல் விடுதலையாகி வெளியே வந்தாள். ஒருவனைக் கொன்றவள் உள்ளே இருந்த காலத்தில் வெளியே இருந்தவர்கள் சீனாவில் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பது வேறு கணக்கு. அதற்கு அப்போது யாரும் ஆறு ஆண்டு கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட கதையை சினிமாக்காரர்கள் சும்மா விடுவார்களா? டெலிவிஷன் வந்து தியேட்டர்களைக் காலி செய்ததும், நிக்கட்சு என்ற பெரிய ஸ்டுடியோ 1971-ல் ஒரு முடிவெடுத்தது: இனி எடுப்பதெல்லாம் படுக்கையறைப் படம். எழுபது நிமிடப் படம், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சதை, மற்றபடி இயக்குநர் காரல் மார்க்ஸைக்கூட நுழைத்துக்கொள்ளலாம். பல நல்ல இயக்குநர்கள் இந்தப் பள்ளியில்தான் தேறினார்கள். அவர்களில் ஒருவரான தனகா நோபோரு 1975-ல் சதாவின் கதையை எடுத்தார், நன்றாகவே எடுத்தார். ஆனால் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு இருக்கிறதே! 1907-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஆபாசத்தைப் பரப்புகிறவனைத் தண்டிக்கும் பிரிவு. அதற்குப் பயந்து, அந்தக் காலப் படங்களில் முக்கியமான தருணத்தில் பூச்சாடியோ சாக்கே புட்டியோ ஓடிவந்து கேமராவுக்கு முன்னால் நிற்கும். சம்பளமில்லாமல் உழைத்த நடிகர்கள் அவை.

இயக்குநர் ஓஷிமா நாகிசாவுக்குப் பூச்சாடி பிடிக்காது. 1960-ல் அவர் எடுத்த அரசியல் படமொன்றை ஷோச்சிகு நிறுவனம் நாலே நாளில் தியேட்டரிலிருந்து தூக்கியது. அந்த ஆண்டே நடந்த தம் கல்யாண விருந்தில் அவர் முதலாளிகளை வறுத்தெடுத்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் 1970-களின் தொடக்கத்தில் அனத்தோல் தோமான் என்ற பிரெஞ்சுத் தயாரிப்பாளர், நாம் சேர்ந்து ஓர் ஆபாசப் படம் எடுப்போமா என்று கேட்டார். தோமான் லேசுப்பட்டவர் அல்ல. நாஜி முகாம்களைப் பற்றிய, இயக்குநர் ரெனேயின் புகழ்பெற்ற ஆவணப்படம் அவர் தயாரித்ததுதான். ஓஷிமா அதற்கு எடுத்துக்கொண்டது சதாவின் கதையை.

ஓஷிமா 175-ஆம் பிரிவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்திருக்க வேண்டும். விற்றால் குற்றம், காட்டினால் குற்றம். எடுத்தால்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆக, கச்சா பிலிம் பிரான்சிலிருந்து வந்தது. கியோட்டோவில் தாயே ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு படம் பிடித்தார்கள். நடித்தவர்கள் மட்சுதா எய்கோவும் ஃபுஜி தட்சுயாவும். பாவனை இல்லாமல், உண்மையாகவே. எடுத்த பிலிமைக் கழுவாமல் அப்படியே டப்பாவில் போட்டு பிரான்சுக்கு அனுப்பினார்கள். கழுவாத பிலிமில் எதுவும் தெரியாதே, சுங்க அதிகாரி எதைப் பார்த்துக் கோபப்படுவார்? நம்மூரில் பாவத்தைக் கழுவக் காசிக்குப் போவார்கள், இது பாரிஸுக்குப் போனது.

1976-ல் கான் திரைப்பட விழாவில் டிக்கெட்டுக்கு அடிதடி, காட்சிகளைக் கூட்ட வேண்டியதாயிற்று. பெர்லினில் படம் முடிந்ததும் போலீஸ் சுருளைத் தூக்கிப்போனது. நியூயார்க்கில் சுங்கத்துறை விழாவுக்கு முன்பே மறித்தது. ஜப்பானுக்கோ, ஜப்பானிய மொழியில், ஜப்பானிய நடிகர்களோடு, கியோட்டோவில் எடுத்த படம் பிரெஞ்சு இறக்குமதிச் சரக்காக வந்து இறங்கியது. முக்கியமான இடங்களிலெல்லாம் மூடுபனி பூசித்தான் உள்ளே விட்டார்கள். முழுசாகப் பார்க்க ஆசைப்பட்ட ஜப்பானியர் விமானம் ஏற வேண்டியிருந்தது.

கிளுகிளுப்புக்காகப் போனவர்கள் பாதியில் கொட்டாவி விட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அறை, மறுபடி அறை, மறுபடி அதே இருவர். ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. தெருவில் கிச்சிஸோ தலை குனிந்து ஓரமாக நடந்து வருகிறான். எதிரே துப்பாக்கி ஏந்திய பட்டாளம் அணிவகுத்துப் போகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் கொடி அசைக்கிறார்கள். அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாடே ஒரு மரணத்தை நோக்கி நடக்கிறது, இவன் மட்டும் தனக்குப் பிடித்த மரணத்தை நோக்கி எதிர்த்திசையில் போகிறான். அந்தச் சில விநாடிகளுக்காகவே இது வெறும் நீலப்படம் இல்லை என்று நான் கற்பூரம் அடித்துச் சொல்வேன். சிவப்பையே ஆட்சி செய்யவிட்ட கலை இயக்குநர் தோதா ஜுஷோவுக்கும் அதில் பங்கு உண்டு.

படத்தைத் தொட முடியாத போலீஸ் புத்தகத்தைத் தொட்டது. திரைக்கதையையும் சில புகைப்படங்களையும் சேர்த்து வெளியான புத்தகம். ஓஷிமா மீதும் பதிப்பாளர் மீதும் வழக்கு. வழக்கமாக இப்படி மாட்டியவர்கள், இது ஆபாசம் அல்ல, கலை என்று கெஞ்சுவார்கள். ஓஷிமா, ஆபாசமென்றால்தான் என்ன தப்பு என்று கேட்டார். மூடி வைப்பதால்தான் ஆபாசம் பிறக்கிறது, திறந்து காட்டிவிட்டால் அது செத்துவிடும் என்பது அவர் வாதம். சட்டத்தையே கூண்டில் ஏற்ற ஆசைப்பட்டவருக்கு 1979-ல் நீதிமன்றம் பெரிய அநியாயம் செய்தது: இந்தப் புத்தகம் ஆபாசமில்லை என்று விடுதலை செய்துவிட்டது. 175-ஆம் பிரிவு அலுங்காமல் தப்பித்தது. அரசு விடாமல் அப்பீல் போனது.

வழக்கில் தப்பித்தவர்கள் ஆண்கள். ஓஷிமா அடுத்த படத்துக்கு 1978-ல் கானில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். ஃபுஜி கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்துவிட்டு நடிப்புக்குத் திரும்பினார், மதிப்பும் கூடியது. அதே படுக்கையில் அதே வேலையைச் செய்த மட்சுதா எய்கோவுக்கு ஏச்சு மட்டும் மிஞ்சியது. ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். சதாவே 1969-ல் வேறொரு படத்தில் நேரில் தோன்றிப் பேசியவள்தான். அதன் பிறகு எங்கே போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

2000-ல் படத்தை மீண்டும் திரையிட்டபோது வெட்டியவற்றைச் சேர்த்தார்கள், மூடுபனியை மட்டும் முழுதாக விலக்கவில்லை.

இதற்கிடையே படத்தின் ஜப்பானியத் தலைப்பு, ‘ஐ நோ கொரிதா’, ஒரு பிரிட்டிஷ் பாடகரின் காதில் விழுந்து பாட்டாகியிருந்தது. அதை 1981-ல் க்வின்ஸி ஜோன்ஸ் எடுத்து டிஸ்கோவாக்கினார். கழுத்து நெரிப்பும் கத்தியும் கொண்ட கதையின் பெயரைச் சொல்லி நாடு நாடாக ஜோடிகள் இடுப்பை ஆட்டினார்கள். 1982 பிப்ரவரியில் அதன் இசைக்கோப்புக்கு கிராமி விருது கிடைத்தது. ஓஷிமா அப்போதும் வழக்கு ஆசாமிதான். உயர் நீதிமன்றம் அவருடைய விடுதலையை உறுதி செய்ய ஜூன் மாதம் ஆயிற்று.