எங்க வீட்டு ரூல்ஸ்: பலகை ஆட்டங்களில் விதி தோன்றுமிடம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி முதலான ஆட்டங்களைப் பற்றித் தமிழில் வந்துள்ள எழுத்துகள் பெரும்பாலும் இரண்டே வகை. ‘நம் முன்னோர் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள்’ என்பது ஒன்று. ‘செல்போன் வந்து எல்லாம் போச்சு’ என்பது மற்றொன்று. ஆடும்போது யார் யாரோடு சண்டை போட்டார்கள், எதற்குப் போட்டார்கள், யார் பாதியில் எழுந்து காப்பி போடப் போனார்கள் என்பதை இரண்டு வகையாரும் தொடுவதில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் பின்வருமாறு: ஆட்டத்தின் விதி பலகையில் இல்லை, பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலும் இல்லை. தோற்றுக்கொண்டிருப்பவருக்கு அது திடீரென்று ஞாபகம் வரும். அந்தக் கணத்தில்தான் விதி பிறக்கிறது. ஜெயிப்பவர் யாரும் இதுவரை விதி பேசியதாகக் களத்தில் சான்று கிடைக்கவில்லை.

கள ஆய்வு நண்பர்கள் வீட்டுக் கூடங்களிலும், ஒரு பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்திலும், எவரும் வராத மாலைகளில் ஆய்வாளரின் சொந்த மேசையிலும் நிகழ்த்தப்பட்டது. தகவலாளிகளின் பெயர்கள், அவர்கள் கேட்டுக்கொண்டபடியும், அந்த வீடுகளில் மறுபடி சாப்பாடு கிடைக்க வேண்டும் என்பதாலும், மறைக்கப்பட்டுள்ளன.

முன்னாய்வுகள்

இத்துறையின் மூல ஆவணம் மகாபாரதம். சூதாட்டச் சருக்கத்தைத் தருமத்தின் வீழ்ச்சி என்று படித்தவர்கள் பலர். ரூல்ஸ் தகராறு என்று படித்தவர்கள் குறைவு. காயை உருட்டப் போவது சகுனி, பணயம் வைக்கப் போவது துரியோதனன் என்றதும், ‘ஒருவருக்காக இன்னொருவர் ஆடுவது முறையில்லையே’ என்று தருமர் முதலிலேயே சொல்கிறார். சரியான ஆட்சேபம். ஆனால் சொல்லிவிட்டு உட்கார்ந்து ஆடுகிறார். இன்றைக்கும் பேங்கரே ஆட்டக்காரராகவும் இருக்கும் டிரேட் ஆட்டத்தில் எல்லாரும் இதையேதான் செய்கிறோம்.

இரண்டாவது கேள்வி திரௌபதியுடையது. தன்னையே தோற்றுவிட்டவர் அதற்குப் பிறகு என்னை எப்படிப் பணயம் வைக்கலாம்? சபையில் பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார். தருமம் நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் நழுவுகிறார். விகர்ணன் ஒருவன்தான் அவள் கேட்பதே சரி என்று எழுந்து சொல்கிறான். அவன் துரியோதனனுடைய தம்பி. உடனே கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அதட்டி உட்கார வைக்கிறான். விதியைச் சரியாகச் சொல்பவர் வயதில் சிறியவராக இருந்தால் அது செல்லாது என்னும் நடைமுறை அங்கிருந்து இடையறாமல் வருகிறது. நமது களத்தில், ஆறாம் வகுப்புப் படிக்கும் தகவலாளி ஒருத்தி பெட்டியின் உள்மூடியில் அச்சிட்டிருந்ததையே வாசித்துக் காட்டினாள். “பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல” என்பதே அவளுக்குக் கிடைத்த தீர்ப்பு.

தாயம்

ஆய்வின் பெரும்பகுதி இங்கேதான் செலவாயிற்று. ஆட்டமும் நீளம், சண்டையும் நீளம்.

இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்றுமில்லாதது. ஆக 16 விதமாக விழலாம். அதில் தாயம் (மொத்தம் ஒரே புள்ளி) விழுவது இரண்டு விதத்தில் மட்டும், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஐந்துக்கும் அதே இரண்டு. ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு (இரண்டும் வெறுமை) ஒன்று. மிச்சப் பத்தும் இரண்டு, மூன்று, நான்கு என்று போய்விடும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கு எண்களுக்கும் மறுபடி உருட்டலாம் என்பதால் 16-க்கு 6 முறை கை தொடரும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு கசப்பான உண்மை கிடைக்கிறது. எட்டு முறை உருட்டினால் ஒரு தாயமாவது வந்துவிடும் என்று நினைப்போம். எட்டு முறையும் வராமலே போக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலேயே வாய்ப்பு உண்டு. தாயம் விழாமல் காயை இறக்கவும் முடியாது. ஆகவே நால்வர் ஆடும் தாயத்தில், மற்றவர்கள் காயை ஓட்டிக்கொண்டு போகும்போது ஒருவர் மட்டும் ஒரு காயைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருப்பது விதிவிலக்கில்லை, அதுதான் இயல்பு. விதிகள் விளையும் வயல் அவரே.

அவர் வாயிலிருந்து முதலில் வருவது, “தாயம் போடாட்டியும் ஆறு விழுந்தா மறுபடி உண்டு.” உண்டா என்பதில் கூடம் இரண்டாகப் பிரிகிறது. இறங்காதவருக்கு ஆறு என்ன, பன்னிரண்டு என்ன, எல்லாம் வீண் என்பது ஒரு மரபு. எண்ணைக் கூட்டி வைத்துக்கொண்டே போகலாம், தாயம் விழுந்ததும் மொத்தத்தையும் நகர்த்தலாம் என்பது இன்னொரு மரபு. இரண்டாவதை ஏற்கும் வீட்டில் தாயம் ஆடி முடிக்க இரவுச் சாப்பாடு கடந்துவிடும்.

அடுத்தது வெட்டு. எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போய்ப் பழமாக, அதாவது கரையேற, முடியும் என்பது பெரியம்மாவின் சட்டம். மலையில் உட்கார்ந்தே காலம் தள்ளும் ஆட்டக்காரர்களுக்கு இச்சட்டம் பிடிப்பதில்லை. மலை என்றால் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட கட்டம்; அங்கே இருப்பவரை யாரும் வெட்ட முடியாது. கூட்டுக்குடும்பத்தில் இப்படி மலை தேடி உட்கார்ந்து பழகியவர்கள் தாயத்தில் நன்றாகவே ஆடுகிறார்கள் என்பது ஆய்வாளரின் தனிக்கருத்து. இதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

மூன்றாவது, கட்டையின் சாய்வு. இதை நேரில் பார்க்க வேண்டும். பெரியம்மா இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். பித்தளை பித்தளையோடு உரசும் அந்தச் சத்தம் எதிராளிக்கு ஒருவிதக் கலவரத்தைத் தரும். பிறகு சிவப்புச் சிமெண்டுத் தரையில் நீளவாக்கில் விடுவார். ஒரு கட்டை சமர்த்தாக நின்றுவிடும். மற்றொன்று ஓடிப்போய்ப் பாயின் ஓரத்தில் முட்டி, எந்த முகமும் சரியாக மேலே வராமல் ஒருக்களித்துக் கிடக்கும். அப்போது தாழ்வாரத்தில் ஏழு தலைகள் குனியும். “ஒண்ணு.” “இல்ல, வெறுமை.” “பாயில பட்டாச் செல்லாது.” “போன தடவை உனக்கு மட்டும் செல்லுச்சு?” பெரியம்மா பேச மாட்டார். ஒரு விரலால் கட்டையை லேசாகத் தட்டிவிட்டு, விழுந்ததை எண்ணிக் காயை நகர்த்திவிடுவார். தீர்ப்பும் நிறைவேற்றமும் ஒரே அசைவில் முடிந்துவிடும்.

பரமபதம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது. திறமைக்கு இடமில்லாததால் சண்டைக்கும் இடமில்லை. கடைசிக் கட்டத்துக்குச் சரியான எண்தான் விழ வேண்டுமா, கூடுதலாக விழுந்தாலும் வைகுண்டம் உண்டா என்பது மட்டும் விடியற்காலையில் கிளம்பும். தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் வைகுண்டம் கொடுத்துவிடுவதால் இது மேலும் ஆராயத் தக்கதன்று.

கேரம்

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டது சென்னையில்தான். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயமும் இந்த ஊர்க்காரர்தான். சம்மேளனத்தின் கணக்குப்படி ராணிக்கு, அதாவது ரெட்டுக்கு, 3 புள்ளி. அதே சென்னையின் தெருமுனைப் பலகைகளில் ரெட்டுக்கு 50, வெள்ளைக்கு 20, கறுப்புக்கு 10. சம்மேளனம் நம் ஊரிலேயே பிறந்திருந்தாலும் விதி நம் தெருவுக்குள் வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ரெட் போட்டு ஃபாலோ போடாதவர் கொடுக்கும் விளக்கங்கள் தனி நூலுக்கு உரியவை.

அயல்நாட்டுப் பெட்டிகள்

மோனோபோலியின் மூலத்துக்கு அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்றார். நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வாடகையில் வாழ்பவர்களால் என்ன கேடு வரும் என்று காட்டத்தான் அந்த ஆட்டமே. 1935-இல் சார்லஸ் டாரோ என்பவர் அதன் ஒரு வடிவத்தைப் பார்க்கர் பிரதர்ஸுக்கு விற்றுப் பணக்காரரானார். மேகிக்கு 500 டாலர் கிடைத்தது. ஆட்டம் எதை எச்சரித்ததோ அது ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே நடந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் வந்து நின்ற இடத்தை அவர் வாங்க மறுத்தால் அதை அங்கேயே ஏலம் விட வேண்டும். இதைக் கடைப்பிடித்த வீடு ஒன்றையும் களத்தில் காண முடியவில்லை. ஏலம் விட்டிருந்தால் ஆட்டம் சீக்கிரம் முடிந்திருக்கும். நம்மவர்களோ நம் ஊர்ப் பெயர் போட்ட பலகையில் மும்பையை வாங்கிவிட்டு, பேங்கர் மாமாவிடம் வட்டியில்லாக் கடன் கேட்டு, காணாமல் போன 500 ரூபாய் நோட்டுக்குப் பதில் நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து எழுதிப் புழக்கத்தில் விடுவார்கள். தோற்றவரை வெளியே அனுப்ப மனம் வராது. “பாவம், இன்னும் ஒரு ரவுண்டு ஆடட்டும்.”

ஜெர்மனியில் பல்மருத்துவத் தொழில்நுட்பராக இருந்த கிளவுஸ் டாய்பர் உருவாக்கிய கட்டான் 1995-இல் வெளிவந்தது. இரண்டு பகடையின் கூட்டு ஏழு என்றால் திருடன் கிளம்புவான். ஏழோ 36-க்கு 6 முறை விழும்; வேறெந்த எண்ணும் அவ்வளவு விழாது. அதாவது அந்தத் தீவில் மிகச் சாதாரணமான நிகழ்ச்சி திருட்டு. கைப்பொருளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம்: கம்பளி (களத்தில் ‘ஆடு’), செங்கல், மரம், தானியம், தாது. நண்பர் ஒருவர் இதில் புதிய நிதிக் கருவி ஒன்றைப் புகுத்தினார். “மச்சான், இப்ப ஒரு செங்கல் குடு. அடுத்த சான்ஸ்ல ரெண்டு ஆடு தரேன்.” கைமாத்து. டாய்பரின் விதித்தாளில் பண்டமாற்று உண்டு, கைமாத்து இல்லை. அடுத்த சுற்றில் ஆடு வரவில்லை. திருடன் வந்து எடுத்துப் போய்விட்டான் என்றார் நண்பர். கடன் கொடுத்தவர் அன்று மீதி நேரம் முழுவதும் ஜெயிப்பதை விட்டுவிட்டு, இவர் ஜெயிக்கக் கூடாது என்பதற்காகவே ஆடினார். கட்டானில் பத்துப் புள்ளி எடுத்தால் வெற்றி என்று இருக்கிறது. இப்படிப்பட்ட வெற்றிக்கு எத்தனை புள்ளி என்று இல்லை.

தனி ஆட்டம்

இனி, எதிராளியே இல்லாத இடத்தில் விதி என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. இரண்டு பக்கமும் தானே ஆடினால் நடுநிலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கிடைக்கவில்லை. ஆட்டை வைக்கும் கையும் புலியை நகர்த்தும் கையும் ஒரே ஆளுடையவை என்றாலும், மூன்று ஆடு வெட்டுப்பட்டதும் மனசு ஆட்டுப் பக்கம் சாய்கிறது. ‘புலி அங்கே தாவும் என்று ஆட்டுக்கு எப்படித் தெரியும்?’ என்ற நியாயமான கேள்வியை ஒதுக்கிவிட்டு, தெரிந்த இடத்தில் ஆட்டை வைத்துவிடுகிறோம். புலி ஆட்சேபிப்பதில்லை.

புதிய பெட்டிகளில் இதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கி 2019-இல் வந்த விங்ஸ்பேன் பறவைகளைப் பற்றிய ஆட்டம். தனியாக ஆடுபவருக்கு எதிராளியாக ஒரு சின்னச் சீட்டுக்கட்டு தருகிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எதிராளி என்ன செய்தான் என்று நாமே பார்த்து, நாமே அவனுக்காகச் செய்து, அவன் புள்ளியை நாமே கூட்ட வேண்டும். எதிரிக்குக் குமாஸ்தா வேலை. நாம் ஜெயித்தால் பெட்டியை மூடிவிடுகிறோம். சீட்டுக்கட்டு ஜெயித்தால் மட்டும் விதிப்புத்தகத்தை எடுத்து, அந்த மூன்றாவது சீட்டைச் சரியாகத்தான் செய்தோமா என்று படிக்கிறோம். கருதுகோள் இங்கும் நிற்கிறது.

அறிஞர்களும் இதில் விதிவிலக்கல்லர். குழிப்பலகையில் ஒரு குச்சி இன்னொன்றைத் தாண்ட, தாண்டப்பட்டதை எடுத்துவிட்டு, கடைசியில் ஒன்றே மிஞ்ச வேண்டும் என்ற ஒற்றையாள் ஆட்டம் ஐரோப்பாவில் பிரபலமாக இருந்தது. தத்துவஞானி லைப்னிட்ஸ் இதைத் தலைகீழாக ஆடவே தமக்குப் பிடிக்கும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். எடுப்பதற்குப் பதில் ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பது. இதுவும் ‘எங்க வீட்டு ரூல்ஸ்’தான். லைப்னிட்ஸ் என்பதால் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

தகராறே இல்லாத ஆட்டம் ஒன்றுதான் அகப்பட்டது. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஒரு வகை சொல்வார்கள். தனி ஆள் ஆடுவது. அசோகவனத்தில் சீதை ஆடியது என்பது வழக்கு. தனியாக ஆட ஓர் அழகான முறை உண்டு. ஒரு வரிசையின் ஏழு குழியிலும் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என்று சோழி போடுங்கள். ஏழு இருக்கும் குழியை எடுத்து அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே சுற்றி வந்தால், கடைசிச் சோழி எடுத்த குழியிலேயே விழும். இப்போது வரிசை 1, 7, 6, 5, 4, 3, 2. மறுபடி ஏழை எடுங்கள்: 2, 1, 7, 6, 5, 4, 3. ஏழாவது சுற்றில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஜெயிப்பவர் இல்லை, தோற்பவர் இல்லை. ஆகவே விதியை ஞாபகப்படுத்தவும் ஆள் இல்லை. சுற்றி இத்தனை அரக்கியர் உட்கார்ந்திருந்தும் ‘அந்தக் குழியை எடு’ என்று ஒருத்தியும் யோசனை சொல்ல வழியில்லை. எடுக்க வேண்டிய குழி எப்போதும் ஒன்றேதான்.

பின்னிணைப்பு: மாற்றுக் காய்கள்

எந்த வீட்டிலும் காய்கள் முழுசாக இருப்பதில்லை. சட்டைப் பொத்தான், வளையல் துண்டு, தீக்குச்சித் தலை, புளியங்கொட்டை ஆகியவை பதிலுக்கு வருகின்றன. பெரியம்மா வீட்டுத் தாயத்தில் ஒரு தரப்புக்கு வேர்க்கடலை. உள்கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற கடலை ஒன்றை ஒரு பேரன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இதற்கு விதி உண்டா? காய் பலகையில் இல்லை, எனவே வெட்டுத்தான், முதலிலிருந்து இறக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இன்னும் இரண்டு கட்டம்தான் பாக்கி, அது பழமாகிவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றார் சித்தப்பா. பையனைத் துப்பச் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அப்படியே வெட்டு என்றாலும், வெட்டினால் கிடைக்கும் மறு உருட்டல் யாருக்கு? பையன் எந்தத் தரப்பும் இல்லை. அறிஞர்கள் இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், தாழ்வாரத்துப் பக்கம் பித்தளை உரசும் சத்தம் கேட்டது. பெரியம்மா உருட்டிவிட்டார். ஆறு. ஆறுக்கு இன்னொரு முறை உண்டு.